கர்ப்பிணியின் உடலும் ஊரார் பார்வையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிறு வெளியே தெரியத் தொடங்கியதும், அதுவரை முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட அந்தப் பெண்ணின் உடலைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை தங்களுக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சால் மனம் நொந்தும் குழம்பியும் போன கர்ப்பிணிகளும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குத் தமிழ்நாட்டுச் சூழலை வைத்து இங்கே பதில் சொல்லப்பட்டிருக்கிறது. இவை பொதுவான விளக்கங்கள்தாம். உங்கள் உடல்நிலை பற்றிய முடிவை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஏழாம் மாதம் ஆகியும் வயிறே தெரியவில்லை என்கிறார்கள். குழந்தை சரியாக வளரவில்லையோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

வெளியிலிருந்து பார்த்து வயிற்றின் அளவைச் சொல்பவர்களால் குழந்தையின் அளவைச் சொல்ல முடியாது. முதல் கர்ப்பத்தில் வயிற்றுத் தசைகள் இறுக்கமாக இருப்பதால் வயிறு அடக்கமாகத் தெரியும். இரண்டாவது, மூன்றாவது கர்ப்பத்தில் அதே மாதத்திலேயே முன்தள்ளி நிற்கும். உயரமான பெண்ணுக்குக் கருப்பை மேல்நோக்கி வளர இடம் கிடைக்கிறது. குள்ளமான பெண்ணுக்கு அது முன்னால் வந்துதான் ஆக வேண்டும். குழந்தை குறுக்காகக் கிடந்தால் வயிறு அகன்று தெரியும். பனிக்குட நீரின் அளவும் தோற்றத்தை மாற்றும்.

பரிசோதனையின்போது செவிலியர் உங்கள் அடிவயிற்றின் கீழே, முன்பக்கம் உள்ள இடுப்பு எலும்பின் மேல்விளிம்பிலிருந்து கருப்பையின் உச்சிவரை நாடாவால் அளப்பதைக் கவனித்திருப்பீர்கள். இருபத்து நான்கு வாரத்துக்குப் பிறகு அந்த அளவு, சென்டிமீட்டரில், ஏறக்குறைய கர்ப்ப வாரங்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடக்குறைய இருப்பது இயல்பு. அதைவிட வேறுபாடு அதிகமானால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். ஆகவே அடுத்த முறை போகும்போது அந்த அளவு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் கண்ணளவைக் கொண்டு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. ஆனால் குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்திருப்பதாக உங்களுக்கே தோன்றினால், யார் என்ன சொன்னாலும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

“இரண்டு பேருக்குச் சாப்பிடு” என்கிறார் மாமியார். “இப்படிக் குண்டாகிக்கொண்டே போகிறாயே” என்கிறார் நாத்தனார். எவ்வளவு எடை கூடலாம்?

ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு நேரத்தில் இந்த இரண்டு பேச்சையும் கேட்க நேர்கிற பெண்கள் ஏராளம். கருவுறும் முன் சராசரி எடையில் இருந்த இந்தியப் பெண்ணுக்குப் பிரசவத்துக்குள் 10 முதல் 12 கிலோ வரை கூடுவது பொதுவாகச் சரியான அளவாகக் கொள்ளப்படுகிறது. தொடக்கத்தில் மிக மெலிந்திருந்தவர் அதைவிடக் கூடுதலாகவும், ஏற்கெனவே அதிக எடையோடு இருந்தவர் குறைவாகவும் கூட வேண்டும். அந்த எடை முழுவதும் கொழுப்பு என்று நினைப்பது தவறு. குழந்தை சுமார் 3 கிலோ. நஞ்சுக்கொடியும் பனிக்குட நீரும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோ. கருவுறும் முன் நூறு கிராம்கூட இல்லாத கருப்பை நிறைமாதத்தில் ஒரு கிலோவை எட்டுகிறது. உடலில் இரத்தத்தின் அளவும் நீரின் அளவும் சில கிலோ கூடுகின்றன. எஞ்சிய கொழுப்பு, பின்னால் பாலூட்டுவதற்கான சேமிப்பு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 350 கிலோகலோரி. அது மூன்று இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும் தருகிற அளவுதான். இன்னொரு முழு ஆளின் சாப்பாடு தேவையில்லை. பருப்பு, முட்டை, கீரை, பால், பழம் என்று தட்டில் இருப்பவை மேம்பட்டால் போதும். கர்ப்பகாலச் சர்க்கரை நோய் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. சென்னை மருத்துவர் வீ. சேஷய்யாவும் அவருடன் பணியாற்றியவர்களும் முன்வைத்த எளிய முறையில், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சை தொடங்குகிறது. ஒல்லியான பெண்ணுக்கும் இந்த நோய் வரும் என்பதால், உடல்வாகைப் பார்த்து “உனக்கெல்லாம் வராது” என்று யார் சொன்னாலும் அந்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

குழந்தை சிறியதாக இருந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று எண்ணி வேண்டுமென்றே குறைத்துச் சாப்பிடும் பழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த முதல் நாளிலிருந்தே ஆபத்துகள் அதிகம் என்பதால், இதை யார் அறிவுரையாகச் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

முகம் பூசினாற்போல அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது நல்லதுதானே?

இந்தக் கேள்விக்குத்தான் மிகவும் அழுத்திப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறைமாதத்தில் மாலை நேரத்தில் கணுக்கால் சற்று வீங்குவது பெரும்பாலோருக்கு உண்டு. ஆனால் முகமும் கைவிரல்களும் திடீரென்று உப்பி, மோதிரம் கழற்ற முடியாமல் போய், ஒரு வாரத்துக்குள் எடை மளமளவென்று ஏறினால், அது இரத்த அழுத்தம் உயர்வதன் அறிகுறியாக இருக்கலாம். இருபது வாரத்துக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போய், சிறுநீரில் புரதமும் வெளியேறினால் அதை முன்சூல்வலிப்பு என்கிறார்கள்; கவனிக்காமல் விட்டால் வலிப்பு வந்து தாயின் உயிரையும் குழந்தையின் உயிரையும் பறித்துவிடும். கடுமையான தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்றில் வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கூடவே இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

“தாய்மைப் பூரிப்பு” என்று சுற்றியிருப்பவர்கள் மகிழ்ந்து பாராட்டிய அந்த முகத்தை, இரத்த அழுத்தக் கருவி வேறு விதமாகப் படிக்கக்கூடும். அரிப்பும் அப்படித்தான். கடைசி மாதங்களில் உடல் அரித்தால் “பிள்ளைக்கு முடி முளைக்கிறது” என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தோலில் தடிப்பு எதுவுமில்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் கடுமையாக அரித்தால் கல்லீரல் செயல்பாட்டைப் பரிசோதிக்க வேண்டும். சிகிச்சை இல்லாமல் விடுவது குழந்தைக்கு ஆபத்து. கர்ப்பிணியின் உடலை உற்றுப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கவே செய்கிறது. அந்தப் பார்வை அழகையும் நிறத்தையும் தேடுவதால், தேட வேண்டிய அறிகுறிகளைத் தவறவிடுகிறது என்பதே இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கவலை.

வயிறு கூராக இருந்தால் ஆண், உருண்டையாக இருந்தால் பெண் என்பது உண்மையா?

உண்மை இல்லை. முகம் வெளுத்தால் பெண், கறுத்தால் ஆண் என்பதும் அப்படியே. இதை விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிடவும் முடியவில்லை. “பெண்தான் போலிருக்கிறது” என்று சொல்லிவிட்டு முகம் சுண்டிப் போகும் உறவினரைப் பார்த்த பெண், அதற்குப் பிறகு தன் வயிற்றையே சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குகிறாள். கருவின் பாலினத்தை மருத்துவர் சொல்வதைத் தடுக்க 1994இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்த நாடு இது.

குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா? இரும்புச்சத்து மாத்திரை போட்டால் கறுத்துவிடுமா?

இரண்டுமே நடக்காது. குழந்தையின் தோல் நிறத்தை இரு பெற்றோரிடமிருந்தும் வரும் பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. பாலில் கலந்த குங்குமப்பூ அங்கே போய்ச் சேர்வதில்லை. வாங்க வசதி உள்ளவர்கள் சுவைக்காகச் சிறிதளவு சேர்த்துக்கொள்ளலாம். கடன் வாங்கி வாங்க வேண்டியதில்லை.

இரும்புச்சத்து மாத்திரை பற்றிய நம்பிக்கை இதைவிடப் பெரிய தீங்கைச் செய்கிறது. மாத்திரை சாப்பிடுபவருக்கு மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துக் குழந்தையும் கறுத்துவிடும் என்ற எண்ணம் பிறந்திருக்க வேண்டும். உடல் எடுத்துக்கொள்ளாத இரும்பு வெளியேறுவதால்தான் அந்த நிறம் வருகிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரத்தசோகையோடு பிரசவ அறைக்குப் போகும் பெண், மற்றவர் தாங்கிக்கொள்ளும் இரத்தப்போக்கைத் தாங்க முடியாமல் இறந்துபோகலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் குறைந்தது 180 நாட்களுக்கு இலவசமாகத் தரப்படும் அந்த மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கச் செய்வது, கறுப்பாக ஒரு குழந்தை பிறந்துவிடுமோ என்ற அச்சம். நிறத்தின் மீதான மோகம் தாயின் உயிரோடு விளையாடும் இடம் இது என்பதால், வீட்டில் இந்தப் பேச்சு எழும்போது மரியாதைக்காக மௌனமாக இருந்துவிடாதீர்கள். மாத்திரை குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம். தேநீர், காப்பியோடு சேர்த்து மட்டும் எடுக்க வேண்டாம்.

வயிற்றில் கோடுகள், முகத்தில் மங்கு, கழுத்தில் கருமை. இவை போக என்ன தடவலாம்?

தோல் விரைவாக விரிவதாலும் ஹார்மோன் மாற்றங்களாலும் வரும் இவை நோயல்ல. வயிற்றின் நடுவே ஓடும் கருங்கோடும் மங்கும் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் மங்கிவிடும். தோல் விரிந்த கோடுகள் வெளுத்துத் தங்கிவிடும். அவற்றை வராமலே தடுக்கும் என்று உறுதியாக நிறுவப்பட்ட களிம்பு எதுவும் இல்லை. தேங்காய் எண்ணெய் தடவினால் அரிப்பும் வறட்சியும் குறையும், அவ்வளவே. விளம்பரத்தைப் பார்த்துச் சிவப்பழகு களிம்புகளைப் பூசாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரிய வந்திருக்கிறது. ரெட்டினாய்டு எனப்படும், வைட்டமின் ஏ சார்ந்த களிம்புகளையும் கர்ப்பகாலத்தில் தவிர்க்க வேண்டும்.

கேட்காமலே வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். கூடாது என்று சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடாதா?

ஆகாது. பாட்டியோ அத்தையோ வாஞ்சையோடு தடவிக்கொடுப்பது உங்களுக்குப் பிடித்திருந்தால் அது உங்கள் விருப்பம். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரோ அலுவலகத்தில் உடன் வேலை செய்பவரோ கை நீட்டினால், சற்றுப் பின்வாங்கி, “தொட வேண்டாம், எனக்குக் கூச்சமாக இருக்கிறது” என்று சொல்லலாம். மூத்தவர்களிடம் நேரடியாகச் சொல்லத் தயங்குபவர்கள், “டாக்டர் யாரும் அழுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்” என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். ஆனால் தன் உடலைத் தொட வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு மருத்துவரின் பெயர் தேவைப்படக் கூடாது என்றே நான் நினைக்கிறேன்.

வயிறு தெரியப் படம் எடுத்துக்கொள்வது நம் பண்பாட்டுக்கு ஒத்து வருமா?

கர்ப்பிணியின் உடலை மூடி மறைப்பதுதான் தமிழ்ப் பண்பாடு என்ற கூற்றுக்குப் பழைய சான்றுகள் துணை நிற்பதில்லை. குறுந்தொகையின் 287ஆம் பாடல், நீர் நிறைந்து மெல்ல ஏறும் மழைமேகத்துக்கு, பச்சைப் புளிக்கு ஏங்கி நடக்கவும் முடியாமல் தளர்ந்திருக்கும் நிறைசூல் மகளிரை உவமை சொல்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழர் கோயிலான தாராசுரத்தில், இரு பெண்கள் தாங்கிப் பிடித்திருக்க நின்றபடி பிரசவிக்கும் பெண்ணின் சிற்பம் இருக்கிறது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, வழிப்போக்கர் சுமையை இறக்கி வைக்கச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கமும் நம்மிடையே இருந்தது. வளைகாப்பிலேயே கர்ப்பிணியை நடுவில் உட்காரவைத்து, சந்தனமும் வளையலும் பூட்டி, ஊரைக் கூட்டிக் காட்டுகிறோம். அந்த நிகழ்ச்சியில் கைம்பெண்ணையும் குழந்தையில்லாத பெண்ணையும் ஒதுக்கி வைப்பதுதான் வெட்கப்பட வேண்டிய வழக்கம். அரசின் சமுதாய வளைகாப்பு பல சாதி, பல சமயப் பெண்களை ஒரே வரிசையில் உட்காரவைப்பதை நான் மனதார வரவேற்கிறேன்.

மேற்கு நாடுகளிலும் இது எளிதில் ஏற்கப்பட்டதில்லை. 1991 ஆகஸ்டில் நடிகை டெமி மூர் ஏழு மாதக் கர்ப்பிணியாக ஆடையின்றி ஒரு அமெரிக்க இதழின் அட்டையில் தோன்றியபோது, சில கடைகள் அந்த இதழை உறைக்குள் மறைத்து விற்றன, சில விற்கவே மறுத்தன. நம் நாட்டில் 2019இல், ‘வாரணம் ஆயிரம்’ படத்தால் தமிழருக்கு அறிமுகமான சமீரா ரெட்டி, ஒன்பதாம் மாத வயிற்றோடு நீருக்கடியில் எடுத்த படங்களை வெளியிட்டார். முதல் பிரசவத்துக்குப் பின் எடை கூடி மனச்சோர்வில் ஆழ்ந்ததை அவரே பலமுறை பேசியிருப்பதால், அந்தப் படங்களை வெறும் விளம்பரமாக நான் பார்க்கவில்லை. 2024 மே மாதம் மும்பையில் வாக்களிக்க வந்த தீபிகா படுகோனின் வயிறு போலி என்று சமூக ஊடகங்களில் எழுதினார்கள்; செப்டம்பரில் குழந்தை பிறந்தது. வயிற்றை மறைத்தால் குற்றம், காட்டினால் குற்றம், சிறியதாக இருந்தால் பொய் என்ற நிலையில், படம் எடுப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணிடமே விட்டுவிடுவதுதான் முறை. எடுக்க விருப்பமில்லாத பெண்ணை “எல்லோரும் எடுக்கிறார்களே” என்று வற்புறுத்துவதும் தவறுதான்.

நடிகைகள் மூன்றே மாதத்தில் பழைய உடலுக்குத் திரும்பிவிடுகிறார்களே?

திரும்பாதவர்களை என்ன செய்தோம் என்று பாருங்கள். 2011 நவம்பரில் குழந்தை பெற்ற ஐஸ்வர்யா ராய், அடுத்த ஆண்டு கான் திரைவிழாவுக்குப் போனபோது அவருடைய எடையைப் பற்றி நாடே பேசியது. காஜல் அகர்வால், கர்ப்பமாக இருந்தபோது தம் உடலைக் கேலி செய்தவர்களுக்கு 2022 பிப்ரவரியில் வெளிப்படையாகப் பதில் எழுத வேண்டி வந்தது. சமையலுக்கும் குழந்தைக்கும் உடற்பயிற்சிக்கும் தனித்தனி ஆள் வைத்துக்கொள்ளக்கூடிய ஒருவரின் உடலை, இரவு நான்கு முறை எழுந்து பாலூட்டிவிட்டுக் காலையில் வேலைக்கு ஓடும் பெண்ணின் உடலோடு ஒப்பிடுவதில் நியாயமே இல்லை.

குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் வயிறு உள்ளே போகவில்லை. தண்ணீர் குடித்தால் தொப்பை விழும் என்று தடுக்கிறார்கள்.

கருப்பை தன் பழைய அளவுக்குச் சுருங்கவே ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். விரிந்த தசையும் தோலும் அதைவிடப் பல மாதங்கள் எடுத்துக்கொள்ளும். ஆபரேஷன் செய்ததால்தான் தொப்பை என்பார்கள். வயிற்றின் நடுத்தசைகள் விலகுவது சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் நேர்கிறது. சில மாதங்களுக்குப் பிறகும் அந்த இடைவெளி மூடாவிட்டால் இயன்முறை மருத்துவரிடம் பயிற்சி கற்றுக்கொள்ளலாம்.

தண்ணீரைத் தடுப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீரால் தொப்பை விழாது. பாலூட்டும் தாய்க்குத் தாகம் கூடும், மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்றும் எளிதில் வரும். முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்குக் கூடுதலாக 600 கிலோகலோரி தேவை என்பதே பரிந்துரை, கர்ப்பகாலத்தைவிட அதிகம். பத்தியம் என்று பூண்டுக் குழம்பும் சோறும் மட்டும் தந்து, காயும் பழமும் மறுத்தால் உடல் எப்படித் தேறும்? வயிற்றில் பருத்திப் புடவையைச் சுற்றிக் கட்டுவது இடுப்புக்குத் தாங்கலாக இருந்தால் கட்டிக்கொள்ளலாம். மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கக் கூடாது, ஆபரேஷன் புண் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கட்டவும் கூடாது.

வயிறு தெரிந்தால் வேலையில் ஒதுக்கிவிடுவார்களோ என்று மறைத்து வருகிறேன். சட்டம் என்ன சொல்கிறது?

உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. 2022 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த பாரத ஸ்டேட் வங்கியின் சுற்றறிக்கை ஒன்று, மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருக்கும் பெண்களைப் பணியில் சேரத் தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள் என்றது. டெல்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்ப, எதிர்ப்பு வலுக்க, வங்கி அதை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு ஜூனில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியின் விதி ஒன்றுக்கும் இதே போன்ற எதிர்ப்பு எழுந்தது. பொதுத்துறையிலேயே இப்படி என்றால் சிறு நிறுவனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

1961ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பின், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை வழங்கியது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே உரிமை தொடர்கிறது; பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாட்கள் வேலை செய்திருந்தால் போதும். மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு விடுப்பு உண்டு. கர்ப்பத்தை மேலதிகாரியிடம் எழுத்தில் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கணவர் என்ன செய்யலாம்?

பேச வேண்டியவர் அவர்தான். தன் அம்மாவிடமும் அக்காவிடமும் “அவள் உடம்பைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம்” என்று மகனோ தம்பியோ சொன்னால் அது ஒரு நாளில் முடிகிற விஷயம். மருமகள் சொன்னால் ஆண்டுக்கணக்கில் நிற்கிற சண்டை. பரிசோதனைக்கு உடன் போய், எடை, இரத்த அழுத்தம், இரத்த அளவு மூன்றையும் தானே கேட்டுக் குறித்துக்கொள்ளும் கணவரால், வீட்டில் எழும் ஊகங்களுக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். கேலியாகக்கூட “யானை மாதிரி ஆகிவிட்டாய்” என்று அவர் சொல்லக் கூடாது. ஊரார் சொல்வதைவிட அது ஆழமாகத் தைக்கும்.

கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை, அடிக்கடி அழுகை வருகிறது. இது இயல்பா?

உடல் இவ்வளவு விரைவாக மாறும்போது அந்நியமாக உணர்வது இயல்பு. பிரசவமான முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவதும் இயல்பு; அது இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, உறக்கமும் பசியும் போய்விட்டாலோ, எடை கூடுமே என்று உணவைத் தவிர்க்கவோ சாப்பிட்டதை வாந்தியெடுக்கவோ தொடங்கினாலோ, அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலை. எடின்பரோ அளவுகோல் எனப்படும் பத்துக் கேள்விகள் கொண்ட எளிய படிவத்தைக் கொண்டு மருத்துவர் இதைக் கண்டறியத் தொடங்குவார். பாலூட்டிக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன.

14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவை இரவும் பகலும் இலவசமாக இயங்குகிறது, தமிழில் பேசலாம். தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம் வந்தால், அந்தப் பெண்ணைத் தனியே விடாமல், அப்போதே அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.